கருப்பு காரும் கையால் கழுவும் வேலையும்

என் கார் கருப்பு. மினுக்குத் துகள் எதுவும் கலக்காத வெறும் கருப்பு. வாங்கியபோது "தூசி தெரியுமே, கீறல் தெரியுமே" என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டும் தெரியும்தான். ஆனால் எதையும் மறைக்காத நிறம் என்பதால், துடைத்த துணி எப்படிப்பட்டது, கழுவிய தண்ணீர் எப்படிப்பட்டது என்று இந்தக் கார் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் காரிலும் சில்வர் காரிலும் அதே கீறல்கள் இருக்கின்றன. கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடி செய்யும் வேலையில் இருப்பவன். லென்ஸ் தேய்ப்பது, கோட்டிங் பார்ப்பது, ஃபிரேமில் பொருத்துவது என்று நாள் முழுக்க வழுவழுப்பான பரப்புகளோடுதான் பொழுது போகிறது. கண்ணாடி வாங்கிப் போகிறவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வேன்: உலர்ந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், முதலில் தண்ணீரில் காட்டுங்கள், அப்புறம் துடையுங்கள். கார் பெயின்டுக்கும் நான் சொல்வது இதைத்தான். பளபளப்புக்கும் காப்புக்கும் பூசும் மெழுகான வாக்ஸ் எது நல்லது, எத்தனை முறை போடலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எப்படிக் கழுவுகிறீர்கள், எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெயின்ட் பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

அக்கா மகன் கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "தினமும் காலையில துணியால தூசி தட்டிடுறேன் மாமா, ஒரு நாள் விட்டதில்லை. அப்புறம் எப்படி இவ்வளவு கோடு?" என்று கேட்டான். "அப்படி ஒரு நாள் விடாம தட்டினதுதான்டா காரணம்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அவ்வளவு அக்கறையாகச் செய்த வேலை ஆயிற்றே. அவனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரின் தகட்டுக்கு மேல் பல அடுக்குகள் இருக்கின்றன. துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரத்தின் உதவியோடு படிய வைக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். நிறத்துக்கு மேல் கிளியர் கோட் பூசும் முறை 1980களில் பரவலானது. பெரும்பாலான கார்களில் இந்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், நாம் பளபளப்பு என்று பார்ப்பது முடியைவிட மெல்லிய ஒரு பிசின் படலம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருட்களும் அந்தப் படலத்துக்குள்தான் கலந்திருக்கின்றன. அது தேய்ந்து போனால் அடியில் இருக்கும் நிறத்துக்குக் காவல் இல்லை.

இப்போது தூசிக்கு வருவோம். சாலைத் தூசியில் மணல் பொடி இருக்கும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கண்ணாடியையே கீறக்கூடியது. கிளியர் கோட்டோ பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த மென்மையான பொருள். உலர்ந்த தூசியின் மேல் துணியை வைத்து இழுக்கும்போது, ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கோடு போட்டுக்கொண்டே போகிறது. துணி எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் சரி, நடுவில் மாட்டிய துகள் மிருதுவாக இல்லையே.

வெயிலில் நின்று பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைப் பார்த்தால், அதைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று தோன்றும். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். லென்ஸில் இதே விஷயத்தை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அதனாலேயே மற்றவர்களுக்கு முன்பே எனக்கு இது தெரிந்துவிடுகிறது.

இந்தக் கோடுகளைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறது. ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படலம் மெலிகிறது. போனதைத் திரும்ப வைக்க மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே பாலிஷை அபூர்வமாகத்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பளபளப்புக்காக அடிக்கடி மிஷின் பாலிஷ் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, கழுவுவது எப்படி?

முதலில் நிழல். தகடு கைக்குச் சூடாக இருக்கும்போது தண்ணீரே ஊற்றக் கூடாது. சூட்டில் ஷாம்பு காய்ந்து திட்டாகப் படியும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டங்களாக நின்றுவிடும். அதிகாலை எனக்குத் தோதான நேரம்.

அடுத்தது, கை படாமல் கழுவுவது. ஹோஸ் பைப்போ பிரஷர் வாஷரோ, எது இருந்தாலும் மேலிருந்து கீழாக நிறைய நேரம் தண்ணீர் அடிக்க வேண்டும். பிரஷர் வாஷர் என்றால் பெயின்ட் பெயர்ந்திருக்கும் ஓரங்களுக்கு மிக அருகில் கொண்டு போகக் கூடாது. தண்ணீரின் வேகம் அந்த ஓரத்தைப் பிடித்து இன்னும் பெயர்த்துவிடும். நுரை அடிக்கும் கருவி இருந்தால் நுரையை அடித்துவிட்டுச் சில நிமிடம் விடுங்கள், ஆனால் காய விடாதீர்கள். நுரை வழியும்போது கூடவே பழுப்பாக அழுக்கும் வழியும். அப்படித் தானாக இறங்கும் ஒவ்வொரு துகளும் நாம் தேய்க்க வேண்டியிராத துகள். பலரும் அவசரமாக முடித்துவிடும் கட்டம் இது. நான் இதில்தான் அதிக நேரம் நிற்பேன்.

பிறகுதான் கை வைக்க வேண்டும். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்புவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், நேராக மறுபடி ஷாம்பு வாளிக்குப் போகாமல், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போக வேண்டும். எடுத்த மணலைத் திரும்பக் காரின் மேலேயே போட்டுத் தேய்க்காமல் இருக்கத்தான் இது. வாளியின் அடியில் வைக்கும் கிரிட் கார்டு என்ற வலைத்தட்டு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். மணல் அதற்குக் கீழே தங்கிவிடும். முடித்த பிறகு அலசும் வாளியின் அடியைப் பார்த்தால் வண்டல் படிந்திருக்கும். அக்கா மகனுக்கு நான் காட்டிய முதல் விஷயம் அதுதான். அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தட்டையான ஸ்பாஞ்சை நான் பயன்படுத்துவதில்லை. மணல் உள்ளே போக அதில் இடம் இல்லை. பரப்பிலேயே நின்று பெயின்டோடு உரசும். கையுறை போல மாட்டிக்கொள்ளும், நீளமான இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் வாஷ் மிட் நல்லது. துகள்கள் இழைகளுக்குள் போய்விடும். அழுத்த வேண்டியதில்லை, மிட்டின் எடையே போதும். நேர்க்கோட்டில் இழுங்கள். தப்பித்தவறி ஒரு கோடு விழுந்தாலும், எல்லாப் பக்கமிருந்தும் தெரியாது.

ஷாம்பு காருக்கென்று செய்த, அமிலமும் காரமும் இல்லாத வகையாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்யப்பட்டது. நாம் போட்ட வாக்ஸையும் அது பிசுக்காகத்தான் பார்க்கும். வழுக்கும் தன்மையும் கார் ஷாம்புவில்தான் உண்டு, அந்த வழுக்கல் மிக முக்கியம்.

வரிசை: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல் பாதி. கதவின் கீழ்ப் பகுதியும் பம்பர்களும் கடைசி. டயர் வாரி இறைத்த மணல் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதைத் தொட்ட மிட்டை மேலே கொண்டுவரக் கூடாது. வீல்களுக்குத் தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. பிரேக் பிடிக்கும்போது உதிரும் இரும்புத் துகள் வீலில் சூடாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணி தவறிக்கூடக் கதவைத் தொடக் கூடாது. நான் வீல்களை முதலில் முடித்துவிடுவேன். வீலில் நேரம் செலவாகும், அதற்குள் கழுவிய கார் காய்ந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு பகுதியையும் கழுவியவுடன் அலசுங்கள். கடைசி அலசலுக்குப் பைப்பின் முனையில் மாட்டிய நாசிலைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஓடும் தண்ணீரைக் கூரையிலிருந்து வழிய விட்டால், அது ஒரே விரிப்பாக இறங்கி, நின்றிருக்கும் துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். துடைக்க வேண்டிய தண்ணீர் பாதிக்கு மேல் குறையும்.

உலர்த்துவதற்குப் பெரிய, அடர்த்தியான மைக்ரோஃபைபர் டவல். தேய்க்காதீர்கள். விரித்துப் போட்டு, மேலே தட்டி, தண்ணீரை உறிஞ்ச விட்டு எடுங்கள். பக்கவாட்டில் மெதுவாக இழுக்கலாம். மிரரின் ஓட்டுக்குள், கதவுப் பிடிக்குள், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஒளிந்திருந்து, நாம் முடித்துவிட்டோம் என்று நினைத்த பிறகு கோடாக வழியும். கதவுகளையும் டிக்கியையும் திறந்து ஓரங்களைத் துடைத்துவிட்டு, சிறிய துணி ஒன்றோடு கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு சுற்று வாருங்கள். பிரேக் டிஸ்கில் ஈரம் நின்றால் மேலே லேசாகத் துருப் படியும். கொஞ்ச தூரம் ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்தால் போய்விடும்.

பறவை எச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் காய்ந்து கிடந்தால் கிளியர் கோட்டில் தடம் பதிந்துவிடும். பிறகு எச்சம் போனாலும் அதன் வடிவம் போகாது. அடுத்த முறை கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. ஆனால் காய்ந்த எச்சத்தைச் சுரண்டவும் கூடாது, அதிலும் மணல் துகள் இருக்கும். நனைந்த துணியை அதன் மேல் போட்டு, ஊறும் வரை விட்டு, மேல் நோக்கி எடுத்துவிடுங்கள். தேவையானால் இன்னொரு முறை. முன்பக்கம் மோதி ஒட்டிய பூச்சிகளுக்கும் இதே வைத்தியம். டிக்கியில் ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் இரண்டு சுத்தமான துணியும் எப்போதும் வைத்திருக்கிறேன்.

இனி வாக்ஸ். அதற்கு முன் ஒரு சின்ன சோதனை. கழுவி உலர்த்திய பானெட்டின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல்களை ஓட்டிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாக இருந்த இடம் பைக்குள் இருந்து தொட்டால் சொரசொரப்பாகத் தெரியும். கழுவினாலும் போகாத இரும்புத் துகள், தார்ப் பொட்டு, மரப்பிசின் எல்லாம் அங்கே ஒட்டியிருக்கின்றன. இவற்றின் மேல் வாக்ஸ் போடுவதில் பயனில்லை. தாரைக் கரைக்கத் தனித் திரவம் உண்டு. இரும்புக்கும் ஒன்று உண்டு. அது இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். மிச்சத்தை ஜப்பானில் உருவான கிளே பார் எடுக்கும்; களிமண் போலப் பிசையக்கூடிய ஒரு கட்டி அது. வழுக்கும் திரவத்தைத் தாராளமாக அடித்து, அந்தக் கட்டியை லேசாக ஓட்ட வேண்டும். அழுக்கானதும் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்த துண்டைத் தயங்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். கிளேயும் கொஞ்சம் உரசும் பொருள்தான், ஆகவே பை சோதனையில் சொரசொரப்பு இருந்தால் மட்டும்.

கார்களுக்கான இயற்கை வாக்ஸ்களில் பேர் போனது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலைகளிலிருந்து வருகிறது. வறண்ட காலத்தில் ஈரம் வெளியேறாமல் இருக்க அந்த மரம் தன் இலைகளின் மேல் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. இலைகளை வெட்டிக் காயவைத்து, அடித்து உதிர்த்துச் சேகரிக்கிறார்கள். 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். கடும் வெயிலில் நிற்கும் கருப்பு பானெட் தேன்மெழுகு உருகும் சூட்டைத் தொடலாம் என்பதால், எனக்கு இந்த 20 டிகிரி வித்தியாசம் பெரிய விஷயம். கார்னாபா தனியாக இருந்தால் கல்லாகக் கெட்டியாக இருக்கும், பூச முடியாது. எனவே டப்பாவில் இருப்பது எண்ணெய்களும் கரைப்பான்களும் மற்ற மெழுகுகளும் சேர்ந்த கலவை. சுத்தமான 100 சதவீத கார்னாபா என்று யாராவது சொன்னால் அது டப்பாவில் இருக்கும் மொத்தத்தைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாக்ஸ் என்ன செய்யும்? தன்னைக் கொடுத்து அடியில் இருப்பதைக் காக்கும். எச்சமும் பூச்சியும் உப்புத் தண்ணீரும் முதலில் அதைத்தான் தொடும். நாம் பார்த்துத் துடைக்க அது கொஞ்சம் அவகாசம் தரும். பரப்பு வழுக்குவதால் அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவும்போது உரசலும் குறையும். கீறலை அது எடுக்காது. வெயிலைத் தடுக்கும் பெரிய வேலையும் அதனுடையதில்லை, கிளியர் கோட்டினுடையது. கூரையில் கிளியர் கோட் ஏற்கெனவே வெளுத்து உரிய ஆரம்பித்துவிட்டது என்றால் எந்த வாக்ஸும் காப்பாற்றாது.

பூசும் முறையில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: மெல்லிசாக. ஃபோம் அப்ளிகேட்டரில் விரல் நுனி அளவு எடுத்து, நிழலில், குளிர்ந்த தகட்டில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்புங்கள். கனமாகப் பூசினால் அதிகக் காப்பு கிடைக்காது. பெயின்டைத் தொட்டு நிற்கும் படலம் மட்டும்தான் தங்கும். மீதி முழுவதும் துணியில் வந்துவிடும், துடைக்கத் தோள் வலிக்கும். சில நிமிடத்தில் மங்கலாகப் படர்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் தெளிவாகப் பளபளத்தால் துடைக்கலாம். பிசுக்காக இழுபட்டால் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைவிட இந்த விரல் கோட்டை நான் நம்புகிறேன், ஏனென்றால் ஈரப்பதத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப நேரம் மாறும். பெயின்ட் இல்லாத கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நுணுக்கங்களில் தங்கிவிடும். அந்த ஓரங்களில் முதலிலேயே டேப் ஒட்டிவிடுவேன்.

ஒரு பேனலைப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் உடனே வாக்ஸ் வேண்டாம். தொழிற்சாலையில் முழு உடலையும் 140 டிகிரி அளவில் சுட்டு எடுக்கிறார்கள். பட்டறையில் அந்த அளவுக்குச் சூடு வைக்க முடியாது, அதனால் பெயின்டில் இருக்கும் கரைப்பான் வெளியேறப் பல வாரங்கள் ஆகும். எத்தனை நாள் என்று பெயின்ட் அடித்தவரையே கேளுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர்கள், துணியில் காரின் நிறம் வந்தால் பயப்பட வேண்டாம். அங்கே மேல் அடுக்கே நிறம்தான்.

வாக்ஸ் சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை நிற்கும். வண்டி நிற்கும் இடத்தையும் கழுவும் ஷாம்புவையும் பொறுத்தது. தண்ணீர் உருண்டையாக நிற்காமல் சப்பையாகப் பரவ ஆரம்பித்தால், முதலில் நன்றாகக் கழுவிப் பாருங்கள். அழுக்குப் படிந்தாலும் அப்படி ஆகும். கழுவிய பிறகும் பரவினால் மறுபடி பூசும் நேரம். உருண்டைத் துளிகள் அழகாக இருக்கின்றன என்று அப்படியே வெயிலில் காய விடவும் கூடாது. ஒவ்வொரு துளியும் தன் உப்பைச் சிறு வட்டமாக அங்கேயே வைத்துவிட்டுப் போகும்.

பெயின்டின் மேல் கெட்டியான படலமாக இறுகும் செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்பார்கள். அது வாக்ஸைவிடப் பல மடங்கு நாள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மணல் துணியோடு சேர்ந்தால் அதன் மேலும் கோடு விழும். கழுவும் முறை மாறுவதில்லை.

தண்ணீர் குறைவாக உள்ளவர்கள், பிறகு அலச வேண்டியிராத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவத்தைப் பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, பல துணிகளை ஊறவைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பித் துடைத்து, பின்னாலேயே உலர்த்திக்கொண்டு போவது. சேறு அப்பிய காருக்கு இது வேண்டாம். லேசான தூசிக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதுவும் முடியாத வாரத்தில் தூசியை அப்படியே விட்டுவிடுங்கள். தொடாத தூசி பெயின்டைக் கீறாது. அக்கா மகன் இப்போது தினமும் முன்கண்ணாடியை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புகிறான்.

துணிகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மைக்ரோஃபைபரை மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பருத்தித் தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். தனியாகத் துவையுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம்; இழைகளின் மேல் அது படிந்து, தண்ணீரை உறிஞ்சும் குணத்தையே கெடுத்துவிடும். அதிகச் சூட்டில் காயவைத்தாலும் இழை நுனிகள் உருகிக் கெட்டியாகிவிடும். வாக்ஸ் துடைத்தது, உடல் துடைத்தது, வீல் துடைத்தது என்று மூன்றையும் நிறம் பிரித்து வைத்திருக்கிறேன். தரையில் விழுந்த துணி, எவ்வளவு புதிதாக இருந்தாலும், அன்றிலிருந்து வீல் துணிதான்.